இன்டீரியர் டிசைன் பட்டப்படிப்பு: சேர்வதற்கு முன்பிருந்து முதல் வேலை வரை

பிளஸ் டூ ரிசல்ட் வரும் நாட்களில் பெற்றோர் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "பொண்ணு நல்லா வரைவா, இன்டீரியர் டிசைன்ல சேர்க்கலாமா?" நன்றாக வரைவது உதவும். ஆனால் இந்தப் படிப்பில் கடைசி வரை கைகொடுப்பது வேறொன்று. ஒரு அறை எத்தனை அடி, அலமாரிக் கதவு திறக்க எவ்வளவு இடம் வேண்டும், அந்தக் கதவை ஆசாரி எப்படிச் செய்வார், எதனால் செய்வார் என்று தெரிந்துகொள்ளும் ஆசை. அளவிலும் கைவேலையிலும் ஆசை உள்ள பிள்ளைகள் இந்தப் படிப்பில் நன்றாக வருகிறார்கள். வரைவது சுமாராக இருந்தாலும் வருகிறார்கள். அதனால் கீழே சொல்லும் ஒவ்வொரு படியிலும் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: இது உங்களை டேப்புக்கும் பட்டறைக்கும் பக்கத்தில் கொண்டுபோகிறதா?

படி 1: ஆர்க்கிடெக்சரா, இன்டீரியரா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இந்த முடிவைத் தள்ளிப்போடாதீர்கள். பின்னால் மாற்றுவது கடினம்.

ஆர்க்கிடெக்சர் பட்டமான பி.ஆர்க். 5 வருடப் படிப்பு. அதில் சேர பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் படித்திருக்க வேண்டும். நாட்டா என்ற ஆர்க்கிடெக்சர் நுழைவுத் தேர்வு அல்லது ஜே.இ.இ. மெயினின் ஆர்க்கிடெக்சர் தாள் எழுத வேண்டும். 1972-ம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவர்கள் மட்டுமே தங்களை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ளலாம். இன்டீரியர் டிசைனருக்கு அப்படி ஒரு சட்டப்பூர்வமான பதிவு கிடையாது. அதே 1972-ல் தொடங்கிய ஐ.ஐ.ஐ.டி. என்ற இன்டீரியர் டிசைனர்கள் அமைப்பு இருக்கிறது; அது தொழில் செய்பவர்களின் சங்கம், உரிமம் தரும் அரசு அமைப்பு கிடையாது.

இதனால் உங்களுக்கு என்ன? இரண்டு விஷயம். ஒன்று, இன்டீரியர் பட்டத்தை வைத்துக்கொண்டு புதுக் கட்டடத்துக்கு ஆர்க்கிடெக்டாகக் கையெழுத்துப் போட முடியாது. கட்டடம் கட்டுவதுதான் உங்கள் கனவு என்றால் பி.ஆர்க். பக்கம் போங்கள், பி.ஆர்க். முடித்தவர்கள் பின்னால் இன்டீரியர் வேலைக்கு வரத் தடை எதுவும் இல்லை. இரண்டாவது, இந்தத் தொழிலில் மூன்று மாத கோர்ஸ் முடித்தவரும் நாலு வருடம் படித்தவரும் ஒரே பெயர்ப் பலகையை மாட்டலாம். அப்படியானால் பட்டத்தின் மதிப்பு முழுக்க நீங்கள் உள்ளே கற்றதில்தான் இருக்கிறது. சட்டம் பாதுகாப்பு தராத இடத்தில் திறமைதான் பாதுகாப்பு.

இன்டீரியருக்குள்ளேயே பல வகைப் பட்டங்கள் உண்டு. டிசைன் பட்டமான பி.டெஸ். பெரும்பாலும் 4 வருடம். ஸ்டுடியோ எனப்படும் வரைந்து திருத்தும் செய்முறை வகுப்பு, பட்டறை, இறுதித் திட்டம் எல்லாம் கொண்டது. பி.எஸ்சி. பெரும்பாலும் 3 வருடம். தமிழ்நாட்டில் சில கல்லூரிகளில் மனையியல் துறையிலிருந்து வளர்ந்தது. கட்டணம் பொதுவாகக் குறைவு என்பதால் நடுத்தரக் குடும்பங்களுக்கு அது நல்ல வழிதான். ஆனால் அங்கே ஸ்டுடியோ மணி நேரம் குறைவாக இருந்தால், அந்தக் குறையை நீங்களே வேலை நடக்கும் சைட்டுக்குப் போய் ஈடுகட்ட வேண்டியிருக்கும். பி.டெஸ்., பி.எஸ்சி. இரண்டிலும் பல இடங்களில் எந்தப் பிரிவு மாணவரும் சேரலாம். காமர்ஸ் படித்தவர்கள் தயங்க வேண்டாம்.

படி 2: கல்லூரியை நேரில் போய்ப் பாருங்கள்

அகமதாபாத்தில் இரண்டு இடங்கள் இந்தப் படிப்புக்கு நாடு முழுக்கப் பெயர் பெற்றவை. 1961-ல் தொடங்கிய தேசிய டிசைன் நிறுவனமான என்.ஐ.டி.யில் ஃபர்னிச்சர் அண்ட் இன்டீரியர் டிசைன் ஒரு பிரிவு. பி.டெஸ். மாணவர்கள் முதல் வருடம் பொதுவான அடிப்படைப் பயிற்சி முடித்த பிறகுதான் இந்தப் பிரிவுக்குப் போவார்கள். செப்ட் பல்கலைக்கழகம் 1991-ல் இன்டீரியர் டிசைனுக்கென்றே தனிப் பள்ளி தொடங்கியது. இந்த இரண்டு இடத்திலும் இடம் கிடைத்தால் தூரத்தைப் பார்க்காமல் போங்கள். தமிழ்நாட்டில் சென்னை, கோவை வட்டாரத் தனியார் பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் இந்தப் படிப்பு இருக்கிறது. தரம் இடத்துக்கு இடம் நிறைய மாறும். விளம்பரத்தையும் கட்டடத்தின் பளபளப்பையும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

பட்டம் தரும் பல்கலைக்கழகம் யு.ஜி.சி. பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். "சர்வதேச டிப்ளமோ" என்று அச்சடித்துத் தரும் இடங்கள் நிறைய. மேற்படிப்புக்கும் அரசு வேலைக்கும் அந்தச் சான்றிதழ் உதவாமல் போகலாம்.

அப்புறம் கல்லூரிக்கு ஒரு வேலை நாளில் போங்கள். அட்மிஷன் அறையில் உட்காராமல் மரப்பட்டறை எங்கே என்று கேளுங்கள். பூட்டியிருக்கிறதா, தரையில் மரத்தூள் கிடக்கிறதா? புத்தம் புதிதாக மின்னும் மெஷினைவிட, தூசி படிந்து தேய்ந்துபோன மெஷின் நல்ல அறிகுறி. மெட்டீரியல் லைப்ரரி இருக்கிறதா, அதில் உள்ள, பலகை மேல் ஒட்டும் லேமினேட் மாதிரிகள் இந்த வருடத்தவையா, பத்து வருடம் பழையவையா? இறுதி ஆண்டு மாணவர்களின் வேலையைக் காட்டச் சொல்லுங்கள். கம்ப்யூட்டரில் செய்த அழகான படங்கள் மட்டும் இருந்து, ஒரு மேசை எப்படி இணைக்கப்படுகிறது என்று காட்டும் விவர வரைபடம் ஒன்றுகூட இல்லையென்றால் எனக்குச் சந்தேகம் வரும். ஆசிரியர்களில் எத்தனை பேர் வெளியே தொழில் செய்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரைக் கேன்டீனில் பிடித்து, "போன செமஸ்டரில் எத்தனை முறை சைட்டுக்குப் போனீங்க?" என்று கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

கட்டணத்தைக் கணக்குப் போடும்போது டியூஷன் ஃபீஸோடு நிறுத்திவிடாதீர்கள். பிரிண்ட், மாடல் செய்யும் பொருட்கள், லேப்டாப், கல்விச் சுற்றுலா என்று நாலு வருடமும் செலவு ஓடிக்கொண்டே இருக்கும். இதை முன்பே தெரிந்து வைத்திருக்கும் குடும்பத்துக்கு நடுவில் அதிர்ச்சி இருக்காது.

படி 3: நுழைவுத் தேர்வு

என்.ஐ.டி.க்கு டாட் என்ற தேர்வு. பிரிலிம்ஸ், மெயின்ஸ் என்று இரண்டு கட்டம். டிசைன் படிப்புக்கான யூசீட் தேர்வை ஐ.ஐ.டி. பம்பாய் நடத்துகிறது. அதில் கம்ப்யூட்டரில் எழுதும் ஒரு பகுதியும் கையால் வரையும் ஒரு பகுதியும் உண்டு. ஐ.ஐ.டி.களின் பி.டெஸ். பொதுவான டிசைன் படிப்புதான். ஆனால் யூசீட் மதிப்பெண்ணை வேறு சில டிசைன் கல்லூரிகளும் ஏற்கின்றன. சில பல்கலைக்கழகங்கள் நாட்டா மதிப்பெண்ணைக் கேட்கும், சில தாங்களே தேர்வும் நேர்காணலும் வைக்கும். டாட் பிரிலிம்ஸும் யூசீட் தேர்வும் பிளஸ் டூ பொதுத் தேர்வுக்கு முன்பே நடக்கும். விண்ணப்பம் அதற்கும் சில மாதம் முன்பே முடிந்துவிடும். ரிசல்ட் வந்த பிறகு யோசிக்கலாம் என்று இருந்தால் நல்ல இடங்களின் கதவு அடைத்திருக்கும். பதினொன்றாம் வகுப்பு முடியும்போதே தேதிகளைக் குறித்து வைப்பது நல்லது.

தயாரிப்புக்குப் பெரிய பயிற்சி மையம் கட்டாயம் இல்லை. பழைய வினாத்தாள்கள் கிடைக்கின்றன. அவற்றை நேரம் வைத்துப் போட்டுப் பாருங்கள். ஓவியப் பகுதியில் எதிர்பார்ப்பது வண்ணமயமான இயற்கைக் காட்சியைவிட, கண்ணால் பார்த்ததைச் சரியான விகிதத்தில் காகிதத்தில் கொண்டுவரும் திறன். பஸ் ஸ்டாப்பில் காத்திருக்கும் மூன்று பேர், டீக்கடை பெஞ்ச், அடுக்களை மேடையில் உள்ள பாத்திரங்கள் — இவற்றைத் தினமும் வரையுங்கள். அழிரப்பர் வேண்டாம்.

போர்ட்ஃபோலியோ, அதாவது உங்கள் வேலைகளின் தொகுப்பு, கேட்கும் கல்லூரிகளுக்குக் கொஞ்சம் பக்கங்கள் போதும். நீங்கள் கையால் செய்த எதுவும் அதில் வரலாம். உடைந்த ஸ்டூலைச் சரிசெய்தது, கொலு படிக்கட்டைப் புதுமாதிரியாக அடுக்கியது, தங்கைக்கு அட்டைப்பெட்டியில் மேசை செய்தது எல்லாமே சேரும். முடிந்த பொருளின் படம் மட்டும் போதாது. முதலில் வரைந்த கிறுக்கல், நடுவில் சரியாக வராத இணைப்பு, அதை எப்படி மாற்றினீர்கள் என்பதையும் சேர்த்து வையுங்கள். நேர்காணலில் கேள்வி அங்கிருந்துதான் வரும்.

படி 4: வகுப்பு தொடங்கும் முன் உங்கள் வீட்டை அளந்து வரையுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். செலவு ஒரு 5 மீட்டர் ஸ்டீல் டேப், ஒரு கிராஃப் நோட்டு, ஒரு பென்சில்.

முதலில் அறையின் நடுவில் நின்று, அளக்காமலேயே ஒரு கோட்டுப் படம் போடுங்கள்: சுவர், கதவு, ஜன்னல், தூண், எல்லாம் எங்கே என்று. பிறகு அளவெடுங்கள். ஒரு சுவரில் கதவு, ஜன்னல், மூலை என்று துண்டு துண்டாக அளந்து கூட்டினால் ஒவ்வொரு துண்டிலும் வரும் சின்னப் பிசகு சேர்ந்து பெரிதாகிவிடும். டேப்பை ஒரு மூலையில் பிடித்துக்கொண்டு, அங்கிருந்தே கதவின் இந்தப் பக்கம், அந்தப் பக்கம், ஜன்னல், கடைசி மூலை என்று தொடர்ச்சியாகக் குறியுங்கள். சுவரின் கனத்தைக் கதவு நிலை இருக்கும் இடத்தில் அளக்கலாம். ஜன்னலின் அடிமட்டம், மேல்மட்டம், தரையிலிருந்து கூரை வரை உயரம், பீம் எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது, சுவிட்ச் போர்டு எந்த உயரத்தில் என்று எல்லாம் எழுதுங்கள்.

அடுத்து மூலைவிட்டம். 9-க்கு 12 அடி அறை என்றால் எதிரெதிர் மூலைகளுக்கு இடையில் சரியாக 15 அடி வர வேண்டும். இரண்டு மூலைவிட்டமும் வேறு வேறாக வந்தால் அறையின் மூலைகள் செங்கோணமாக இல்லை. நம் வீடுகளில் பெரும்பாலான அறைகள் அப்படித்தான். சுவர் ஒரு அங்குலம் சாய்ந்திருந்தால் அந்த மூலையில் வைக்கும் அலமாரிக்குப் பின்னால் ஒரு அங்குல இடைவெளி தெரியும். ஆசாரிகள் 3-4-5 கணக்கு (ஒரு பக்கம் 3, மறுபக்கம் 4 என்றால் மூலைவிட்டம் 5) வைத்து மூலைமட்டம் பார்ப்பதும் இதற்காகத்தான்.

இப்போது 1:50 அளவில் வரையுங்கள். 3 மீட்டர் சுவர் காகிதத்தில் 6 சென்டிமீட்டர். பிளான் முடிந்ததும், அறையைக் கத்தியால் நெடுக வெட்டியது போல ஒரு செக்‌ஷன். முதல் செக்‌ஷன் வரையும்போதுதான் உயரம் என்ற ஒன்று இருப்பதே பலருக்கு உறைக்கும்.

பிறகு ஒரு சோதனை. 10-க்கு 12 அடி படுக்கையறை. குயீன் சைஸ் மெத்தை 5-க்கு 6½ அடி. துணி மாட்டும் அலமாரிக்கு ஹேங்கர் உள்ளே போக 2 அடி ஆழம் வேண்டும். கட்டிலின் தலைமாட்டை 10 அடிச் சுவரில் நடுவாக வைத்தால் இரண்டு பக்கமும் இரண்டரை அடி கிடைக்கும். கால்மாட்டுக்கு எதிர்ச் சுவரில் அலமாரி வைத்தால் நடுவில் 12 கழித்தல் 6½ கழித்தல் 2, அதாவது மூன்றரை அடி. ஒன்றரை அடி அகலக் கதவு திறந்த பிறகும் ஆள் நிற்க 2 அடி மிஞ்சும். சரி, அதே அலமாரியை 12 அடிச் சுவரில், கட்டிலின் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். 10-ல் அலமாரிக்கு 2, மெத்தைக்கு 5 போக மிஞ்சுவது 3 அடி. இரண்டு பக்கமும் ஒன்றரை. கதவைத் திறந்தால் கட்டிலில் இடிக்கும். கட்டில் சட்டத்தின் கனத்தைச் சேர்த்தால் நிலைமை இன்னும் மோசம். ஸ்லைடிங் கதவு போட வேண்டும், அல்லது கட்டிலைச் சுவரோடு ஒட்ட வேண்டும். ஒரு பிளான் பிறப்பது இந்தக் கழித்தல் கணக்கில்தான். நிறமும் துணியும் அதற்குப் பிறகு வருபவை.

அடுக்களையில் இன்னொரு பயிற்சி. அம்மா அல்லது பாட்டி நின்று சமைக்கும்போது அவர்களின் முழங்கை தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்று அளந்து, மேடையின் உயரத்தோடு ஒப்பிடுங்கள். வெட்டுவதற்கும் கிளறுவதற்கும் மேடை முழங்கையைவிட 4 முதல் 6 அங்குலம் கீழே இருந்தால் வசதி. 34 அங்குலம் என்ற வழக்கமான உயரம் உயரம் குறைந்த ஒருவருக்குத் தோள் வலியைத் தரும். வெளிநாட்டுக் கேட்லாக்கில் உள்ள அளவை அப்படியே போடுவது எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. என்.ஐ.டி. 1997-ல் இந்திய உடல் அளவுகளைத் தொகுத்து வெளியிட்டது. கல்லூரி நூலகத்தில் அது இருந்தால் முதல் வாரமே எடுத்துப் பாருங்கள்.

படி 5: முதல் ஆண்டும் ஜூரியும்

முதல் ஆண்டில் கோடு போட வைப்பார்கள். நாள் கணக்கில் கோடுதான். கனத்த கோடு எதைக் குறிக்கிறது, மெல்லிய கோடு எதைக் குறிக்கிறது, எழுத்து எப்படி இருக்க வேண்டும், பெர்ஸ்பெக்டிவ் எப்படி வரைவது என்று கை பழகும் காலம் அது. கம்ப்யூட்டர் இருக்கும்போது இது எதற்கு என்று சலிப்பு வரும். சைட்டில் ஆசாரி கேட்கும் கேள்விக்குச் சுவரிலேயே பென்சிலால் வரைந்துதான் பதில் சொல்ல வேண்டும். அங்கே லேப்டாப்பைத் திறந்து காட்ட நேரமும் இடமும் இருக்காது.

இந்தப் படிப்பின் மையம் ஸ்டுடியோ. ஒரு திட்டத்தைக் கொடுப்பார்கள்: 200 சதுர அடிப் புத்தகக் கடை, ஒரு பல் மருத்துவர் கிளினிக், முதியவர் தனியாக வாழும் வீடு. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை ஆசிரியர் உங்கள் வரைபடத்தின் மேல் டிரேசிங் தாளைப் போட்டு மாற்றி வரைவார். செமஸ்டர் முடிவில் ஜூரி. வெளியிலிருந்து வந்தவர்கள் முன்னால் உங்கள் வேலையை மாட்டி விளக்க வேண்டும்.

ஜூரியில் அழும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ராத்திரி முழுக்கக் கண்விழித்து, காலையில் பிரிண்ட் கடை வரிசையில் நின்று, சாப்பிடாமல் வந்தால் எந்த விமர்சனமும் தாங்காது. முந்தைய நாள் மாலையே வரைவதை நிறுத்திவிட்டுத் தூங்குங்கள். பாதி முடிந்த வரைபடத்தைத் தெளிந்த தலையோடு விளக்குவது, முடிந்த வரைபடத்தின் முன் தடுமாறுவதைவிட மேல். ஜூரி சொல்வதை நண்பர் ஒருவரை எழுதச் சொல்லுங்கள். அங்கே நிற்கும்போது காதில் பாதிதான் விழும்.

தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜூரி ஆங்கிலத்தில் நடக்கும் என்ற பயம் நல்ல மாணவர்களையும் வாயடைக்க வைக்கிறது. வரைபடம் தெளிவாக இருந்தால் நீங்கள் பேச வேண்டியது கொஞ்சம்தான். யாருக்காக, என்ன சிக்கல், என்ன செய்தேன், ஏன் இந்த அளவு என்று நாலைந்து வாக்கியத்தை எழுதிச் சொல்லிப் பழகுங்கள். விரலை வரைபடத்தின் மேல் வைத்துப் பேசுங்கள். ஒரு சொல் வராவிட்டால் தமிழில் சொல்லிவிட்டுத் தொடருங்கள். யோசனை நன்றாக இருந்தால் யாரும் அதற்காக மதிப்பெண்ணைக் குறைக்கக் கூடாது, நல்ல ஆசிரியர்கள் குறைப்பதும் இல்லை.

படி 6: பொருளைக் கையால் தொட்டுப் படியுங்கள்

இரண்டாம் ஆண்டில் மெட்டீரியல்ஸ் பாடம் வரும். அதைக் குறிப்பேட்டில் மட்டும் படித்தால் வீண். பிளைவுட் கடைக்குப் போங்கள். கூட்டம் இல்லாத மதிய நேரத்தில் போனால் கடைக்காரர் பொறுமையாகவே சொல்லித்தருவார்.

பிளைவுட்டின் மேல் முத்திரையைப் பாருங்கள். ஐ.எஸ். 303 என்றால் பொதுப் பயன்பாட்டுக்கானது. ஐ.எஸ். 710 என்றால் மரைன் தரம். 72 மணி நேரம் கொதிநீரில் போட்டும் பசை விடக் கூடாது என்பது அதற்கான சோதனை. எம்.ஆர். என்று எழுதியிருப்பது ஈரத்தைக் கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான். சிங்க் அடியில் அதைப் போட்டால் சில வருடத்தில் உப்பிவிடும். மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை வழவழப்பாகப் பெயின்ட் ஏற்கும், ஆனால் தண்ணீர் பட்டால் வீங்கும். ஓரத்தில் ஸ்க்ரூ பிடிப்பும் குறைவு.

ஒரு ஷீட் 8-க்கு 4 அடி. இந்த ஒரே அளவு உங்கள் டிசைன் முழுவதையும் ஆட்டிவைக்கும். 7 அடி உயர அலமாரிக்குப் பக்கப் பலகை 2 அடி அகலம் என்று வையுங்கள். ஒரு ஷீட்டில் நெடுக இரண்டு பலகை கிடைக்கும். மிஞ்சும் ஒரு அடித் துண்டு டிராயருக்கு ஆகும். ரம்பத்தின் கனம் போவதால் உண்மையில் 2 அடிக்கு ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) குறைவாகத்தான் வரும். அதையும் கணக்கில் வைக்க வேண்டும். இப்போது நீங்கள் அழகுக்காக ஆழத்தை 2 அடி 2 அங்குலமாக ஆக்கினால்? ஒரு ஷீட்டில் ஒரு பலகைதான். மற்றதெல்லாம் கழிவு. இரண்டு அங்குலத்துக்காக வாடிக்கையாளர் ஏறத்தாழ இரண்டு மடங்கு பலகைக்குப் பணம் கொடுக்கிறார். அனுபவமுள்ள ஆசாரி வரைபடத்தைப் பார்த்த உடனே சிரிப்பது இதற்குத்தான். ஒவ்வொரு ஃபர்னிச்சர் டிசைனுக்கும் கட்டிங் லிஸ்ட், அதாவது வெட்ட வேண்டிய பலகைகளின் அளவுப் பட்டியல், எழுதிப் பழகுங்கள், ஆசிரியர் கேட்காவிட்டாலும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அந்த 8 அடி ஷீட் லிஃப்டில் ஏறுமா, மாடிப்படி திருப்பத்தில் திரும்புமா? இதை யோசிக்காத வரைபடம் சைட்டில் ஷீட்டை அறுத்து ஒட்டுவதில் முடியும்.

பசை, லேமினேட், ஸ்க்ரூ, கீல், சானல் ஒவ்வொன்றையும் கையில் எடுத்துத் திறந்து மூடிப் பாருங்கள். பலகையிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயு வெளியேறும் என்பதால் அதற்கும் ஈ1, ஈ0 என்று தரப்பிரிவு உண்டு. குழந்தைகள் அறைக்குப் பலகை தேர்ந்தெடுக்கும்போது இதைக் கேட்பது உங்கள் கடமை.

படி 7: வெளிச்சம், வெயில், விதிமுறை

மாணவர்கள் தூங்கிவிடும் பாடங்கள் இவை. வேலைக்குப் போனதும் முதலில் தேவைப்படுவதும் இவைதான்.

சென்னை ஏறத்தாழ 13 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில். இடைப்பட்ட ஜூனில் வடக்குப் பக்கம் சாய்ந்திருக்கும். அதனால் வடக்கு ஜன்னலில் வெயிலே வராது என்று வெளிநாட்டுப் புத்தகம் சொல்வதை இங்கே அப்படியே நம்ப முடியாது. மாலை மேற்கு வெயில் தாழ்வாக வரும். மேலே சன்ஷேட் நீட்டினால் பயன் குறைவு, பக்கவாட்டுத் தடுப்போ வெளிப்புறத் திரையோ வேண்டும். திரைச்சீலையின் நிறத்தை முடிவு செய்யும் முன் இது தெரிய வேண்டும்.

விளக்கில் 2700 முதல் 3000 கெல்வின் மஞ்சள் சாயல், 4000 நடுநிலை, 6500 நீல வெள்ளை. நம் வீடுகளில் 6500 பழகிவிட்டது. ஒரே துணி மாதிரியை மூன்று விளக்கின் கீழும் வைத்துப் பாருங்கள்; கடையில் பார்த்த நிறம் வீட்டில் ஏன் மாறுகிறது என்று புரியும்.

2016-ன் தேசியக் கட்டட விதித்தொகுப்பிலிருந்து சில எண்கள் மனப்பாடமாக இருக்கட்டும். வசிக்கும் அறையின் உயரம் குறைந்தது 2.75 மீட்டர். வீட்டு மாடிப்படியின் ஒரு படி உயரம் 190 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, மிதிபலகை 250-க்குக் குறையக் கூடாது. ஃபால்ஸ் சீலிங் இறக்கும் முன் முதல் எண் நினைவுக்கு வர வேண்டும். சக்கர நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் விட்டம் தேவை. தாத்தா பாட்டி இருக்கும் வீட்டுக்குக் குளியலறை வரையும்போது அதை மறக்காதீர்கள்.

படி 8: சாஃப்ட்வேர்

பிளான் வரைய ஆட்டோகேட், முப்பரிமாண மாடல் செய்ய ஸ்கெட்ச்அப் இரண்டும் அவசியம். பெரிய அலுவலகங்களுக்குப் போக ரெவிட். ஆட்டோடெஸ்க் நிறுவனம் மாணவர்களுக்குத் தன் மென்பொருட்களை இலவசமாகத் தருகிறது, வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பிளெண்டர் எல்லோருக்கும் இலவசம். திருட்டுப் பிரதி தேவையே இல்லை. லேப்டாப்பில் 16 ஜி.பி. ராமும் தனி கிராஃபிக்ஸ் கார்டும் இருக்கட்டும். ரெவிட்டும் த்ரீ டி.எஸ். மேக்ஸும் மேக் கணினியில் நேரடியாக ஓடாது. வாங்கும் முன் யோசியுங்கள். முதல் ஆண்டின் முதல் பாதியில் லேப்டாப் வாங்காமலேயே சமாளிக்கலாம், அதற்குள் எது தேவை என்று சீனியர்களே சொல்லிவிடுவார்கள்.

படி 9: கட்டடங்களைப் போய்ப் பாருங்கள், டேப்போடு

கல்லூரி அழைத்துப் போகும் வரை காத்திருக்க வேண்டாம். சென்னைக்கு வெளியே முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருக்கிறது. தென் மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்து எடுத்து வந்து அங்கே மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை. திண்ணையின் உயரத்தை அளங்கள், முற்றத்தின் அகலத்தை அளங்கள், தூண்களுக்கு நடுவே எவ்வளவு என்று எழுதுங்கள். தெருவில் போகிறவர் உட்காரவும் வீட்டுக்காரர் சாயவும் அந்த ஒரே மேடை எப்படி உதவியது என்று உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

காரைக்குடி பக்கம் போனால் ஆத்தங்குடியில் டைல் பட்டறைகளைப் பாருங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டம் வைத்து, வண்ணச் சிமென்ட் கலவையைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமென்ட்டும் இட்டு, நீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். சூளையே கிடையாது. மேற்பரப்பின் வழவழப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருவது. ஒரு பொருள் ஏன் அப்படி இருக்கிறது என்பதற்குப் பதில் அது செய்யப்படும் விதத்தில் இருக்கிறது என்று பத்து நிமிடத்தில் விளங்கிவிடும்.

தக்கலை அருகே பத்மநாபபுரம் அரண்மனை, திங்கட்கிழமை மூடியிருக்கும். மரச் சட்டங்கள் வழியே வெளிச்சம் எவ்வளவு வடிகட்டி உள்ளே வருகிறது என்பதை அங்கே நின்று பாருங்கள். புதுச்சேரி ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதி 1930-களில் அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்து, ஜார்ஜ் நகாஷிமா அங்கேயே தங்கி மேற்பார்வை செய்த கான்கிரீட் கட்டடம். வெளிச் சுவர் முழுக்கத் திறந்து மூடும் பலகைகள், ஏ.சி. இல்லாமலேயே காற்று ஓடுகிறது. ஆட்கள் தங்கும் இடம் என்பதால் முன்அனுமதி கேட்டுத்தான் போக வேண்டும்.

படி 10: இன்டர்ன்ஷிப்

பெரிய பெயரைத் தேடாதீர்கள். சைட்டுக்கு அனுப்பும் அலுவலகத்தைத் தேடுங்கள். ஐந்தாறு பேர் வேலை செய்யும் சின்ன அலுவலகத்தில் ஒரு வீட்டை முதல் நாளிலிருந்து சாவி கொடுக்கும் நாள் வரை பார்க்க முடியும். பெரிய இடத்தில் ஆறு மாதமும் கழிப்பறை டைல் லே-அவுட் மட்டும் போடலாம். சேரும் முன் மூன்றைக் கேளுங்கள்: சைட் உண்டா, உதவித்தொகை எவ்வளவு, எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகலாம். சம்பளம் இல்லாமல் இரவு பத்து மணி வரை வேலை வாங்குவது பயிற்சி ஆகாது. மறுத்துவிடுங்கள்.

சைட்டில் வேலைகளின் வரிசையைக் கவனியுங்கள். இடிப்பு, பிளம்பிங் குழாய், எலெக்ட்ரிகல் பைப், குளியலறை வாட்டர்புரூஃபிங், தரை, ஃபால்ஸ் சீலிங், பட்டி, மரவேலை, கடைசி கோட் பெயின்ட், விளக்கு. ஒன்று முந்திப்போனால் இன்னொன்றை உடைக்க வேண்டியிருக்கும். மேஸ்திரியையும் ஆசாரியையும் "அண்ணே" என்று கூப்பிட்டுச் சந்தேகம் கேளுங்கள். உங்கள் வரைபடத்தில் எது புரியவில்லை என்று அவர்களிடமே விசாரியுங்கள். செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொண்டு போங்கள்.

படி 11: இறுதித் திட்டம், போர்ட்ஃபோலியோ, முதல் வேலை

இறுதித் திட்டத்துக்கு உங்களால் திரும்பத் திரும்பப் போய் அளக்கக்கூடிய, பக்கத்தில் இருக்கும் இடத்தை எடுங்கள். துபாய் ஹோட்டல் லாபியைவிட உங்கள் ஊர் அரசு மருத்துவமனையின் புறநோயாளிகள் காத்திருக்கும் இடம் நல்ல தலைப்பு. அங்கே காலை எட்டு மணிக்கு யார் எங்கே நிற்கிறார்கள், எங்கே தரையில் உட்காருகிறார்கள் என்று நீங்களே போய் வரைபடத்தில் குறிக்க முடியும்.

வேலை தேடும்போது வீட்டு இன்டீரியர் மட்டும் கண்ணில் பட வேண்டாம். ஐ.டி. அலுவலகங்களை வடிவமைத்து முடித்துத் தரும் நிறுவனங்கள், கடைகள், மருத்துவமனை, ஹோட்டல், மாடுலர் கிச்சன், விளக்கு நிறுவனங்கள், கண்காட்சி அரங்கு, சினிமா ஆர்ட் டிபார்ட்மென்ட் எல்லாவற்றிலும் இந்தப் படிப்புக்கு இடம் உண்டு.

போர்ட்ஃபோலியோவில் நாலு திட்டம் போதும். அதில் ஒன்றாவது முழு வேலைத்தொகுப்பாக இருக்கட்டும்: அளந்து எடுத்த பிளான், உங்கள் பிளான், செக்‌ஷன், மின்சார லே-அவுட், ஒரு ஃபர்னிச்சரின் முழு விவர வரைபடம், அப்புறம் பி.ஓ.க்யூ. எனப்படும் அளவு-விலைப் பட்டியல். பிளைவுட் எத்தனை ஷீட், பெயின்ட் எத்தனை சதுர அடி, கீல் எத்தனை ஜோடி என்று அந்த மாதத்துச் சந்தை விலையில் கணக்கிட்ட பட்டியல். புதிதாக வருபவர்களை எடுக்கும்போது நான் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். கம்ப்யூட்டரில் செய்த அழகான ரெண்டர் படத்தை எல்லோரும் கொண்டுவருகிறார்கள். பட்டியலைக் கொண்டுவருகிறவரிடம் மறுநாளே ஒரு சைட்டை நம்பிக் கொடுக்கலாம்.